நாட்டு மிளகாய், மூலிகை விதைகளைச் சிறு விதை சேமிப்பாளர்களிடம் தேடுவது எப்படி? வடசென்னை மாடித் தோட்டக்காரர்களுக்கான கேள்வி பதில்கள்

இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர் எனப் பரந்து கிடக்கும் வடசென்னையில் மாடியிலும் வாசல் ஓரத்திலும் தொட்டி வைத்திருப்பவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரிய நிறுவனத்தின் விதைப் பாக்கெட்டை வாங்குவதற்கு எவருக்கும் வழிகாட்டி தேவையில்லை. ஒரு பிடி விதையை மட்டும் ஆண்டுதோறும் காப்பாற்றி வரும் ஒரு விவசாயியையோ, ஒரு வீட்டுத் தோட்டக்காரரையோ, ஒரு சிறு விதைக் குழுவையோ கண்டுபிடிப்பதும், அவர் தரும் விதையை நம்பலாமா என்று முடிவு செய்வதும்தான் கடினம்.

கடையிலேயே விதை கிடைக்கும்போது சிறு சேமிப்பாளரை ஏன் தேட வேண்டும்?

கடைகளில் தொங்கும் மிளகாய் விதைப் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு ரகங்கள். பாக்கெட்டில் 'எஃப் 1' என்று போட்டிருக்கும். அந்த விதையில் வரும் முதல் தலைமுறைச் செடிகள் ஒரே சீராகக் காய்க்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழத்திலிருந்து நீங்கள் விதை எடுத்து விதைத்தால், அடுத்த தலைமுறையில் ஒன்று நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும், ஒன்று காரமாகவும் மற்றொன்று சப்பென்றும் பிரிந்து போகும். ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும், அதாவது விதைப்புப் பருவத்துக்கும், மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டுச் சமையலுக்குப் பச்சை மிளகாய் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீரிய ஒட்டு விதையையே வாங்கலாம். ஒரு ரகத்தை வைத்துக் காப்பாற்ற வேண்டும், அதன் மணமும் தோலின் தடிமனும் குழம்பில் அது தரும் நிறமும் மாறாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தத் தேடல் பயன்படும்.

எந்த மிளகாயை மரபு ரகம் என்று சொல்லலாம்?

மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த அமெரிக்கக் கண்டத்துப் பயிர். எனவே இங்கே மரபு ரகம் என்பது, வந்த பிறகு ஒரு வட்டாரத்தின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப விவசாயிகளே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்திய ரகத்தைக் குறிக்கும். இராமநாதபுரத்தின் முண்டு மிளகாய் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: உருண்டையான, தடித்த தோல் கொண்ட, மானாவாரியில் விளையும் இந்த ரகத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தென்மாவட்டங்களின் நீண்ட சம்பா மிளகாய், கேரள எல்லையோர வீடுகளில் தானாகவே முளைத்து, மேல்நோக்கி நிற்கும் காய்களைக் காய்க்கும் காந்தாரி, கர்நாடகத்தின் சுருங்கிய தோல் கொண்ட பியாடகி ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

இவற்றுக்கு வெளியே இன்னொரு வகை உண்டு. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோவில்பட்டி கே 1, கே 2, பெரியகுளம் பி.கே.எம் 1, பாலூர் பி.எல்.ஆர் 1 போன்றவை மரபு ரகங்கள் அல்ல. ஆனால் அவை வீரிய ஒட்டும் அல்ல. அவற்றில் விதை எடுத்தால் தாய்ச் செடியைப் போலவே வரும். விதை சேமிப்பில் கை பழக விரும்புகிறவர்கள் இவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கினால் நல்லது என்பது என் கருத்து. அரிய ரகத்தின் பத்து விதைகளை வாங்கி முதல் முயற்சியிலேயே தொலைப்பதைவிட இது மேல்.

வடசென்னையில் எங்கிருந்து தொடங்குவது?

இயற்கை விளைபொருள் அங்காடிகளும் விதைப் பகிர்வுக் கூட்டங்களும் பெரும்பாலும் அடையாறு, கோட்டூர்புரம், திருவான்மியூர் என்று தென்சென்னையிலேயே குவிந்திருப்பதால், நம் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது பாதிதான் உண்மை.

மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் வளாகம் இருக்கிறது. அங்கே மாடித் தோட்டப் பொருள்கள் விற்கும் காலங்களில் காய்கறி, கீரை விதைகளும் கிடைப்பதுண்டு. மரபு ரகத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்; ஆனால் அங்கே பொருள் வாங்க வருகிறவர்களோடு பேச்சுக் கொடுங்கள். மாதவரம், செங்குன்றம், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் இன்னும் வீட்டுக் கொல்லை வைத்திருக்கும் குடும்பங்களில் யாரோ ஒருவர், தம் மாமியார் காலத்திலிருந்து வைத்திருக்கும் ஒரு கத்தரியையோ மிளகாயையோ பற்றிச் சொல்வார். சிறு சேமிப்பாளர்கள் விளம்பரம் செய்வதில்லை என்பதால் அவர்களைப் பேச்சின் வழியாகத்தான் அடைய முடியும்.

அடுத்த இடம் காய்கறிக் கூடை. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கங்களிலிருந்து கீரைக் கட்டுகளோடு இரயிலில் வந்து நடைபாதையில் கடை விரிக்கும் அம்மாக்களிடம், ஒரே அளவில் இல்லாத, கலப்பும் குட்டையுமான மிளகாய்க் குவியல் இருந்தால், அது அவர்கள் சொந்தத் தோட்டத்துக் காயாக இருக்க வாய்ப்பு அதிகம். "இது எந்தக் கொல்லையில் காய்த்தது, பழுத்தது இரண்டு கொண்டு வருவீர்களா அம்மா" என்று கேட்டுப் பாருங்கள். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது; செடியிலேயே நன்றாகச் சிவந்த பழம்தான் வேண்டும்.

மூலிகைகளுக்கு நாட்டு மருந்துக் கடைகள் நம் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. பாரிமுனை, பூங்கா நகர்ப் பகுதிகளின் மொத்தக் கடைகளில் விதையாகவே விற்கப்படும் மூலிகைகள் பல உண்டு. அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சென்னைக்கு வெளியே யாரை அணுகலாம்?

சென்னையிலேயே இயங்கும் இந்திய அறிவுமுறைகள் மையம், மரபு நெல் விதைகளோடு காய்கறி விதைகளிலும் நெடுங்காலமாக வேலை செய்து வருகிறது. ஆரோவில்லில் வறண்ட செம்மண்ணை மீட்டு உருவான பெபிள் கார்டன், காய்கறி மரபு விதைகளைக் காப்பதற்காகவே அறியப்பட்ட இடம். கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் மரபு விதைகள் பற்றிய பயிற்சிகளுக்குப் பெயர் பெற்றது. கர்நாடகத்தில் சிர்சியை மையமாகக் கொண்ட வனஸ்திரீ என்ற பெண்கள் விதைக் குழு, மலைநாட்டு வீட்டுத் தோட்ட விதைகளைச் சேமிக்கிறது. பெங்களூரின் சகஜ சம்ருத்தா விவசாயிகள் சேர்ந்து நடத்தும் விதை முயற்சி.

இவர்களிடம் கேட்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று. இவை கிடங்குகள் அல்ல. ஒரு பட்டத்தில் மழை பொய்த்தால் அந்த ஆண்டு அந்த ரகம் கையில் இருக்காது. ஒரு ரகத்தைக் கேட்டு "இப்போது இல்லை, தை கழித்துக் கேளுங்கள்" என்று பதில் வந்தால் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் எல்லா ரகமும் கைவசம் இருப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் பிறரிடம் வாங்கி விற்பவராகவே இருப்பார்.

விதை தருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விதையைப் பார்த்து அதன் ரகத்தைச் சொல்ல யாராலும் முடியாது. முண்டு விதையும் சம்பா விதையும் கையில் வைத்தால் ஒரே வைக்கோல் நிற வட்டச் சில்லுதான். எனவே விதையை வளர்த்தவரைத்தான் விசாரிக்க முடியும்.

முதலில், அவரே வளர்த்ததா என்று கேளுங்கள். அடுத்து, எந்த மாதம் பறித்த பழத்தின் விதை என்று கேளுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் வைத்த மிளகாய் விதை இரண்டு மூன்று ஆண்டுகளில் முளைப்புத் திறனை வெகுவாக இழந்துவிடும். மூன்றாவது கேள்விதான் எடை மிக்கது: பக்கத்தில் வேறு மிளகாய் இருந்ததா? மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியதுதான் என்றாலும், தேனீக்கள், சிறு வண்டுகள் வழியாக அயல் மகரந்தச் சேர்க்கையும் தாராளமாக நடக்கும். சான்று விதை உற்பத்திக்கு ஒரு மிளகாய் ரகத்துக்கும் மற்றொன்றுக்கும் 200 மீட்டரும், சான்று விதையைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 400 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது இந்திய விதைச் சான்றளிப்பு விதி. மாடியில் அது நடக்காது. ஆகவே பூக்கிளையை வலைத் துணியால் மூடி விதை எடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். ஒரு சிறு மாடியில் நாற்பது மிளகாய் ரகம் வைத்திருப்பதாகவும், வலை எதுவும் கட்டுவதில்லை என்றும் ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அவருடைய விதை கலப்பு விதைதான்.

எத்தனை செடிகளிலிருந்து எடுத்தது, அதில் நோய் கண்ட செடி இருந்ததா என்பதையும் கேட்கலாம். இலைச்சுருட்டு கண்ட செடியிலும், பழத்தில் கறுப்பு வட்டமாகப் பழ அழுகல் விழுந்த செடியிலும் விதை எடுக்கக் கூடாது. பழ அழுகல் பூசணம் விதையோடு வந்து சேரும். நல்ல சேமிப்பாளர் தம் ரகத்தின் குறையையும் தாமாகவே சொல்வார்: "காய் நன்றாக இருக்கும், ஐப்பசி மழையில் மட்டும் நிற்காது" என்பது போல. "எல்லாம் இயற்கை, எல்லாம் நாட்டு" என்பது மேலே கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது.

மளிகைக் கடை வற்றல் மிளகாயிலிருந்து விதை எடுத்துப் போடலாமா?

போடலாம், முளைக்கவும் கூடும். ஆனால் பொது மளிகை வற்றல் பல ஊர் மூட்டைகள் கலந்தது என்பதோடு அதில் வீரிய ஒட்டு ரகமும் மிகுதி. இராமநாதபுரத்து முண்டு வற்றல் என்று தெரிந்து, ஊர்க்காரர் ஒருவர் தம் வயலிலிருந்தே கொண்டு வந்தால் அது வேறு விஷயம். அந்த வற்றலே விதைப் பொட்டலம். வடசென்னையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து உறவுகள் உள்ள குடும்பங்கள் ஏராளம் என்பதால், முதுகுளத்தூருக்கோ கமுதிக்கோ போய் வருகிறவரிடம் "புது வற்றல், விதைக்கு வைத்தது, ஒரு கைப்பிடி" என்று சொல்லிவிடுவதே பல நேரங்களில் எளிய வழி. மோர் மிளகாய் விதைக்கு உதவாது.

மூலிகை விதைகளை எங்கே வாங்குவது? எல்லா மூலிகையும் விதையில் வருமா?

வராது, இதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு குறையும். கற்பூரவல்லி, புதினா, பிரண்டை, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியவற்றை ஒடித்து நட்டாலோ, வேர்விட்ட கொடியை எடுத்து வைத்தாலோ போதும். யாராவது கற்பூரவல்லி விதை விற்றால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு துண்டு கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

விதையில் வருபவற்றில் எளிதானது கொத்தமல்லி. மளிகைக் கடைத் தனியாவே போதும், ஆனால் புது அறுவடையாக இருக்க வேண்டும். பழைய தனியா மணக்கும், முளைக்காது. ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு விதை இருப்பதால், துணியில் பரப்பி மேலே சப்பாத்திக் கட்டையை மெல்ல உருட்டி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை போட்டால் இலை கிடைக்கும். சித்திரை வெயிலில் போட்டால் இலை விடுவதற்குள் பூத்துவிடும். வெந்தயம், ஓமம், சதகுப்பை ஆகியவற்றையும் கடையிலிருந்தே எடுத்து விதைக்கலாம்.

நாட்டு மருந்துக் கடைச் சப்ஜா விதை என்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. தண்ணீரில் போட்டதும் வழவழப்பான உறை கட்டிக்கொள்ளும் என்பதால் ஊறவைக்காமல், ஈரமண்ணின் மேலேயே தூவி, மெல்லிய மணல் மட்டும் போட்டால் போதும். துளசிக்கு எந்தக் கடையும் வேண்டாம்: காய்ந்து பழுப்பேறிய கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் கடுகைவிடச் சிறிய விதைகள் மிஞ்சும். முடக்கத்தான் விதையை அடையாளம் காண்பது மிக எளிது. கறுத்த உருண்டையில் வெள்ளையாக ஓர் இதய வடிவம் இருக்கும். தூதுவளையும் மணத்தக்காளியும் பழுத்த பழத்தைப் பிசைந்து கழுவி எடுத்தால் கிடைத்துவிடும்.

கறிவேப்பிலையை மட்டும் தபாலில் விதையாக வாங்க வேண்டாம். பழுத்து உதிர்ந்த சில வாரங்களுக்குள் அதன் விதை உயிரை விட்டுவிடும். ஊதா நிறப் பழத்தைச் சதை நீக்கி அன்றே விதைக்க வேண்டும்.

கைக்கு வந்த விதையை எப்படிச் சோதிப்பது?

தண்ணீரில் போட்டு மிதப்பதை எறியும் சோதனை மிளகாய்க்குப் பொருந்தாது. நன்கு காய்ந்த நல்ல விதையும் மிதக்கும். அதற்குப் பதிலாக இருபது விதைகளை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். 25 முதல் 30 பாகை செல்சியசில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். காந்தாரிக்கு மட்டும் ஒரு மாதம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். மிளகாய் விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 60 விழுக்காடு; எனவே இருபதில் பன்னிரண்டு முளைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கைந்து மட்டும் முளைத்தாலும் அரிய ரகமாக இருந்தால் அந்த நான்கைந்தை நாற்றாக்கிக் காப்பாற்றுங்கள். இளஞ்சிவப்பு அல்லது நீலச் சாயம் பூசிய விதை, பூசணக்கொல்லி தடவப்பட்ட வணிக விதை. அதை நாட்டு விதை என்று ஒருவர் தந்தால் அவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை.

இப்படி விதையை விற்பதும் பகிர்வதும் சட்டப்படி சரிதானா?

விவசாயிகளைப் பொறுத்தவரை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்கத்தான் கூடாது. தாமே விளைவித்த விதையைத் தம் இடத்திலேயே வைத்து, விதைப்பவருக்கு நேரடியாகத் தருவதற்கு 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் விலக்கு அளிக்கிறது. கடை வைத்து விதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். மாடித் தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் பத்து விதை கொடுத்து வாங்குவதில் கவலைப்பட ஏதுமில்லை.

வெளிநாட்டிலிருந்து விதை வரவழைப்பது இப்படியல்ல. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். உறவினர் கடித உறையில் வைத்து அனுப்பும் பாக்கெட் விதிமீறல்தான். அதிகக் காரத்துக்காக வெளிநாட்டு விதை தேடுகிறவர்களுக்கு, 2008இல் புவிசார் குறியீடு பெற்ற நாகாலாந்தின் நாகா மிளகாய் நம் நாட்டிலேயே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு ஏற்ற ரகம் உண்டா?

மிளகாய் உப்பைத் தாங்காத பயிர். மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. காசிமேடு, திருவொற்றியூர் ஆழ்துளைக் கிணறுகளின் சுவை உங்களுக்கே தெரியும். எந்த ரகமும் அந்தத் தண்ணீரில் செழிக்கும் என்று சொல்ல மாட்டேன். நாற்றுக்கு மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். இலை நுனி கருகினால் தொட்டியிலிருந்து நீர் வடியும்வரை நல்ல நீரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். ஆனால் விதை தேடும்போது மலைப்பகுதி ரகத்தைவிட, கடலோர வறட்சியில் பழகிய முண்டு போன்றவற்றை முதலில் தேடுவது அறிவுடைமை. அதைவிடவும் மேலானது, உங்கள் தெருவிலேயே இதே தண்ணீரில் மூன்று நான்கு பட்டம் கண்டு தப்பிய செடியின் விதை.

நானே கலப்பில்லாமல் விதை எடுத்து, இந்த ஈரக்காற்றில் எப்படிச் சேமிப்பது?

பாரிமுனையில் தாம்பூலப் பையாக டஜன் கணக்கில் விற்கும் வலைத் துணிச் சுருக்குப் பைகள் இதற்குப் போதுமானவை. மொட்டு விரியும் முன்பே கிளையை அதற்குள் விட்டுச் சுருக்கைக் கட்டி, காலையில் கிளையை மெல்லத் தட்டி விடுங்கள். பை கட்டியிருந்தபோது பிடித்த பிஞ்சுகளின் காம்பில் வண்ண நூல் கட்டிய பிறகு பையைக் கழற்றிவிடலாம். அந்த நூல் கட்டிய காய்கள் முழுதும் சிவந்து, தோல் சுருங்கத் தொடங்கும்வரை செடியிலேயே இருக்கட்டும். சமையலுக்குப் பறிப்பவர் வேறொருவர் என்றால் நூலின் பொருளை அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பழத்தைக் கீறி விதையை வழித்து, வெயிலில் அல்லாமல் நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். கறுத்த, சுருங்கிய விதைகளைப் பொறுக்கி எறியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றும் மழையும் சேர்ந்திருக்கும்போது நிழல் மட்டும் போதாது: அரிசியைப் பழுப்பேறும்வரை வறுத்து ஆறவைத்து, கண்ணாடிப் பாட்டிலில் பாதி நிரப்பி, விதையை மெல்லிய துணியில் முடிந்து அதன்மேல் வைத்து ஒரு வாரம் இறுக மூடி வையுங்கள், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைக்கும் வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அப்படியே என்பது விதை நூலோர் கணக்கு. ஆகவே உலர்ந்த விதையைச் சிறு பாட்டிலில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டில் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே வியர்க்காது.

எப்போது விதை கேட்பது, எவ்வளவு கேட்பது?

ஆடிப்பட்டத்துக்கு வேண்டுமானால் வைகாசியிலேயே கேளுங்கள், தைப்பட்டத்துக்கு ஐப்பசியில். விதைக்கும் வாரத்தில் போய்க் கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஒரு ரகத்துக்கு இருபது விதை போதும். கலந்து முளைத்தவை, நோய் கண்டவை போக ஆறேழு நல்ல செடி நின்றால் அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாம். தபாலில் அனுப்பச் சொன்னால், சாதாரண உறையில் அஞ்சல் முத்திரை விழுந்து விதை நசுங்கும் என்பதால், மருந்து டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பச் சொல்லி அதற்கான செலவை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். உறையின்மேல் ரகத்தின் பெயர், பறித்த மாதம், விதை வந்த ஊர் ஆகிய மூன்றையும் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஆண்டு விளைந்ததும், முளைப்பு எவ்வளவு, காய் எப்படி இருந்தது, கலப்பு ஏதும் தெரிந்ததா என்று அவருக்கு எழுதுங்கள். ஒரு கரண்டி விதையைத் திருப்பியும் அனுப்புங்கள். அவர் பக்கம் மழையில் போய்விட்ட ஓர் ஆண்டில், அந்த ரகம் உங்களிடம்தான் இருக்கும்.